காணாமல் வரும் பரிசில்: பாடல் படைப்பாளரும் நிகழ்த்துரிமைச் சங்கமும்

ஒரு பாடலை இயற்றியவருக்கு, அது பொது இடத்தில் பாடப்படும்போதும் வானொலியில் ஒலிக்கும்போதும் அதனால் வரும் பொருளில் பங்கு உண்டு என்பதைப் பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. நிகழ்த்துரிமை எனப்படும் இவ்வுரிமை, பாட்டுப் புத்தகத்தையோ இசைத்தட்டையோ விற்பதால் வரும் வருவாயிலிருந்து வேறுபட்டது. விற்பனைக்குக் கைமாறும் பொருள் ஒன்று வேண்டும். நிகழ்த்துரிமைக்கோ ஒலித்து மறையும் நிகழ்ச்சி ஒன்றே போதும். எங்கெங்கோ உள்ள உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் வானொலி நிலையங்களிலும் தம் பாடல் எப்போது ஒலிக்கிறது என்பதை எந்தப் படைப்பாளராலும் தனியாக இருந்து கண்காணிக்க முடியாது. அதுபோலவே, ஒரு மாலையில் ஐம்பது பாடல்களை ஒலிக்கவிடும் உணவகக்காரராலும் அந்த ஐம்பதுக்கும் உரியவர்களைத் தேடிப்பிடித்து அனுமதி பெற முடியாது. இவ்விரு இயலாமைகளுக்கும் நடுவே நின்று, படைப்பாளர் பலரின் உரிமைகளை ஒன்றாகத் திரட்டி, அவற்றைப் பயன்படுத்துவோருக்கு உரிமமாக வழங்கி, வரும் தொகையைப் பங்கிட்டுக் கொடுக்கும் அமைப்பே நிகழ்த்துரிமைச் சங்கம்.

பிரான்சில் 1851 முதல் இயங்கும் சாசெம், பிரிட்டனில் 1914இல் தோன்றிய பிஆர்எஸ் என நாட்டுக்கு ஒரு சங்கம் இருப்பதே பெரும்பாலும் வழக்கம். கனடாவில் போட்டியிட்டுக்கொண்டிருந்த இரண்டு சங்கங்களும் 1990இல் சோகான் என்ற பெயரில் ஒன்றாயின. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நிலைமை வேறு. அங்கே 1914இல் தொடங்கிய அஸ்காப், 1930இல் தொடங்கிய சீசாக், 1939இல் தொடங்கிய பிஎம்ஐ, 2013இல் தொடங்கிய ஜிஎம்ஆர் என நான்கு அமைப்புகள் அருகருகே நிற்கின்றன. ஒரு படைப்பாளர் ஒரு நேரத்தில் இவற்றுள் ஒன்றில் மட்டுமே இருக்க முடியும். முதலாவதும் மூன்றாவதும் கேட்டு வருபவரைச் சேர்த்துக்கொள்கின்றன. மற்ற இரண்டும் தாமே தேர்ந்தெடுத்து அழைப்பவரை மட்டும் சேர்க்கின்றன. எதில் சேர்வது என்ற கேள்விக்கு அங்கே வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை நுழைவுக் கட்டணம், பணம் வந்துசேரும் வேகம், ஒப்பந்தக் காலம் ஆகியவற்றைப் பற்றியதாகவே இருக்கிறது. அவ்வறிவுரை பயனற்றதன்று. ஆனால் அதற்கு அடியில் அறவியலும் சமயச் சிந்தனையும் நெடுங்காலமாகப் பேசிவரும் கேள்வி ஒன்று கிடக்கிறது: ஒருவர் படைத்ததன் மதிப்பை அளந்து சொல்லும் தகுதி யாருக்கு உண்டு, அந்த அளவைக்குத் தம்மை உட்படுத்திக்கொள்பவர் எதைப் பெறுகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார்?

இவ்வுரிமை எவ்வாறு நடைமுறைக்கு வந்தது என்பதிலேயே இக்கேள்வியின் வித்து இருக்கிறது. 1847இல் பாரிஸ் நகரின் சாம்ஸ் எலிசே வீதியில் இருந்த அம்பாசதேர் என்ற இசைக்கூடத்தில் எர்னஸ்ட் பூர்ழே என்ற பாடலாசிரியரும் அவருடைய இசையமைப்பாள நண்பர்களும் அமர்ந்திருந்தபோது, அவர்கள் படைத்த பாடல்களே அங்கு பாடப்பட்டன. தாங்கள் அருந்திய சர்க்கரைத் தண்ணீருக்குக் காசு கொடுக்க அவர்கள் மறுத்தார்கள். எங்கள் பாட்டுக்கு நீர் காசு தராதபோது உம் தண்ணீருக்கு நாங்கள் ஏன் தரவேண்டும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். வழக்கு அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. நான்கு ஆண்டுகளில் சாசெம் பிறந்தது. அமெரிக்காவில் இதே கேள்வி 1917இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இசையமைப்பாளர் விக்டர் ஹெர்பர்ட், நியூயார்க்கின் ஷான்லி உணவகத்தில் தம் பாடல் பாடப்பட்டதை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்தார். உணவகத்துக்கு வருபவர் உணவுக்குத்தான் பணம் தருகிறார், பாட்டுக்குத் தனிக் கட்டணம் இல்லை என்று உணவகத் தரப்பு வாதிட்டது. நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அதை ஏற்கவில்லை. உணவின் விலைக்குள்ளேயே இசைக்கான விலையும் அடங்கியிருக்கிறது என்றும், இசையால் பயனில்லை என்றால் உணவகம் அதைக் கைவிட்டிருக்கும் என்றும் அவர் எழுதினார். சட்டத்தின் நோக்கில் இது தெளிவான தீர்ப்பு. ஆனால் இதில் ஒரு நழுவல் இருக்கிறது: உணவுண்பவர் பொதுவாக இசைக்குப் பணம் தருகிறார் என்பது நிறுவப்பட்டதே தவிர, இந்தக் குறிப்பிட்ட பாடலுக்குத் தருகிறார் என்பது நிறுவப்படவில்லை.

இந்த நழுவலை அமைப்பாகவே ஆக்கியதுதான் மொத்த உரிமம் எனப்படும் முறை. ஆண்டுக்கு ஒரு தொகையைச் செலுத்தும் மதுக்கூடக்காரர் அந்தச் சங்கத்தின் தொகுப்பில் உள்ள எல்லாப் பாடல்களையும், எத்தனை முறை வேண்டுமானாலும், நிகழ்த்த அனுமதி பெறுகிறார். இன்ன பாடலை ஒலித்தேன் என்று அவர் கணக்கு எழுத வேண்டியதில்லை. கட்டணம் கூடத்தின் அளவையும், இசை நேரில் நிகழ்கிறதா பதிவில் ஒலிக்கிறதா என்பதையும் ஒட்டி அமைகிறதே ஒழிய, ஒலித்த பாடலின் தரத்தையோ அது யாருடையது என்பதையோ ஒட்டி அமைவதில்லை. டெக்சஸின் ஒரு சிற்றூர் மதுக்கூடத்தில், செவ்வாய்க்கிழமை இரவில், உள்ளூர்க்காரர் ஒருவர் கிதாருடன் அமர்ந்து, அதிகம் அறியப்படாத ஒரு படைப்பாளரின் நான்கு பாடல்களைப் பாடுகிறார் என்று கொள்ளலாம். கூடத்தின் உரிமையாளர் அப்பாடல்களின் பெயரைக்கூட அறியாமல் இருக்கலாம். அவர் ஆண்டுத் தொடக்கத்தில் செலுத்திய தொகை சங்கத்தின் பொதுப் பணத்தில் கலந்திருக்கிறது. அத்தகைய சிறு கூடங்களில் என்ன பாடப்பட்டது என்று ஆளனுப்பிக் கணக்கெடுக்க ஆகும் செலவு, அங்கிருந்து வரும் தொகையைவிட மிகுதி. ஆகையால் அப்பணத்தைப் பங்கிடுவதற்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தவற்றின் பட்டியல் பதிலி அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. விளைவு, அந்த நான்கு பாடல்களின் பெயரால் வந்த பணத்தில் பெரும்பகுதி, அந்த இரவில் அங்கே ஒலிக்காத, ஆனால் நாடெங்கும் வானொலியில் ஒலித்த பாடல்களைப் படைத்தவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

கொடுப்பவர் காணாமலே கொடுப்பது பற்றிய மனவருத்தம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. புறநானூற்றின் 208ஆம் பாட்டில், மலைகள் பல கடந்து தகடூர் வேந்தன் அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண வந்த புலவர் பெருஞ்சித்திரனார், அவன் தம்மை நேரில் காணாமலே அனுப்பிவைத்த பரிசிலை ஏற்க மறுக்கிறார். அவர் மறுத்தது பொருளை வேண்டாம் என்று சொல்லி அன்று. பரிசில் நாடி வந்தவர் தாம் என்பதை அவர் மறைக்கவும் இல்லை. காணாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டால் தாம் புலமையைப் பண்டமாக்கி விற்கும் வணிகனாகிவிடுவதாக அவர் கருதுகிறார். தம் தகுதியின் அளவை அறிந்து, மதித்துத் தரப்படுமாயின் தினையளவே ஆனாலும் அது இனியது என்பது அவர் நிலைப்பாடு. இப்பாட்டைப் புலவரின் செருக்குக்குச் சான்றாக மட்டும் படிப்பது அதைச் சிறுமைப்படுத்துவதாகும். அதில் ஒரு கொள்கை இருக்கிறது: பரிசில் என்பது பொருள் மட்டும் அன்று, அளந்தறிதலும் அதன் பகுதி, அளந்தறிதல் நீங்கிய பொருள், தொகையில் எவ்வளவு பெரியதானாலும், பரிசிலாகாது.

நிகழ்த்துரிமைச் சங்கம் இக்கொள்கைக்கு நேர் எதிராகத் தோன்றும். கொடுப்பவர் எவரும் காண்பதில்லை. காண வேண்டியதில்லை என்பதே மொத்த உரிமத்தின் வசதி. ஆனால் நுணுகிப் பார்த்தால், காணுதலும் அளத்தலும் முற்றிலும் ஒழியவில்லை. கொடுப்பவர் கையிலிருந்து அவை இடைநிற்பவர் கைக்குப் பெயர்ந்துள்ளன. சங்கமே காண்கிறது, சங்கமே அளக்கிறது. எந்த வானொலி நிலையத்தை முழுமையாகக் கணக்கெடுப்பது, எதை மாதிரிக்கு மட்டும் எடுப்பது, தொலைக்காட்சித் தொடரில் பின்னணியாக ஒலித்த இசைக்கும் முன்னணியில் பாடப்பட்ட பாட்டுக்கும் எவ்வளவு மதிப்பு வேறுபாடு வைப்பது, பெரிய நிகழ்ச்சிகளையும் சிறிய நிகழ்ச்சிகளையும் ஒரே தட்டில் வைப்பதா என்பன போன்ற முடிவுகள் அனைத்தும் புள்ளியியல் முடிவுகள் என்ற பெயரில் எடுக்கப்படும் மதிப்பீட்டு முடிவுகளே. ஆகவே ஒரு படைப்பாளர் நான்கு அமைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, தமக்குச் சேரவேண்டியதை வசூலித்துத் தரும் முகவரை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. தமக்குச் சேரவேண்டியது எது என்று தீர்மானிப்பவரையே தேர்ந்தெடுக்கிறார். வசூல் செய்பவரைத் தேர்வதற்கு வேகமும் கட்டணமும் போதுமான அளவுகோல்கள். அளப்பவரைத் தேர்வதற்கு அவை போதா.

சொத்துரிமை பற்றிய வழக்கமான மெய்யியல் கோட்பாடு இங்கே பெரிதும் உதவுவதில்லை. உழைப்பைக் கலந்ததால் ஒரு பொருள் உழைத்தவருக்கு உரியதாகிறது என்ற ஜான் லாக்கின் 17ஆம் நூற்றாண்டு வாதம், பாட்டு படைத்தவருடையது என்பதற்கு ஒரு காரணம் தரலாம். பொதுப் பணத்தில் அவருக்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. அதைவிடப் பயனுள்ளது இம்மானுவேல் காண்ட் 1785இல் எழுதிய சிறு கட்டுரை. உரிமையின்றி நூல்களை அச்சிடுவது ஏன் தவறு என்று ஆராயும் அவர், நூலை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு பேச்சாகப் பார்க்கிறார். நூல் என்பது ஆசிரியர் பொதுமக்களிடம் பேசுவது. பதிப்பாளர் அவர் பெயரால், அவர் ஒப்புதலோடு, அப்பேச்சைக் கொண்டுசேர்ப்பவர். ஒப்புதல் இல்லாமல் அச்சிடுபவர் திருடுவது பொருளை அன்று, இன்னொருவர் பெயரால் பேசும் அதிகாரத்தை. ஓவியம் போன்ற கலைப்பொருள்களைக் காண்ட் இவ்விதிக்கு வெளியே நிறுத்தினார். அவை பேச்சல்ல, செய்யப்பட்ட பொருள்கள் என்பது அவர் கருத்து. பாட்டு இவ்விரண்டில் எது என்பது அவரிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எவ்வாறாயினும், ஒருவர் பெயரால் இன்னொருவர் செயல்படும் அதிகாரம் என்ற அவர் கருத்து, சங்கத்தைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான கருவி. சங்கத்தில் சேரும் படைப்பாளர் தம் பாடலை விற்றுவிடுவதில்லை. தம் பெயரால் பேசும் அதிகாரத்தைத் தருகிறார். அப்படியானால் கேட்கவேண்டியது, அந்த வாய் யாருக்குக் கட்டுப்பட்டது என்பதே.

இக்கேள்விக்கு நான்கு அமைப்புகளும் தரும் விடைகள் வெவ்வேறானவை. அஸ்காப் இலாப நோக்கமற்றது. படைப்பாளர் பன்னிருவரும் இசைப் பதிப்பாளர் பன்னிருவரும் கொண்ட குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆயினும் அத்தேர்தலில் எல்லாருடைய வாக்கும் ஒரே எடை உடையது அன்று; கூடுதலாக ஈட்டுபவரின் வாக்குக்கு எடை கூடும். அளக்கப்பட்டதில் முந்தியிருப்பவர்களே அளவைகளை வகுப்பதிலும் முந்தியிருப்பார்கள் என்பது இதன் பொருள். சீசாக் 2017 முதல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் உடைமை. ஜிஎம்ஆர், பெயர்பெற்ற படைப்பாளர் சிலரை மட்டும் கொண்டு, தொழில்முனைவர் இர்விங் அஸாஃப் தொடங்கிய அமைப்பு. பிஎம்ஐயின் வரலாறே இவற்றுள் மிகுந்த சிந்தனைக்கு உரியது.

1930களின் இறுதியில் அஸ்காப் வானொலி நிலையங்களிடம் கேட்ட கட்டணத்தை உயர்த்தியபோது, அதைச் செலுத்த மனமில்லாத ஒலிபரப்பாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அதுவே பிஎம்ஐ. பாட்டை வாங்குபவர்கள், விற்பவர்களின் பேரத்தை முறிப்பதற்காக, விற்பவர்களுக்கான இன்னொரு சங்கத்தைத் தாமே உருவாக்கினார்கள் என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம். 1941 ஜனவரி முதல் பல மாதங்கள் பெரிய வானொலி வலையமைப்புகள் அஸ்காப் பாடல்களை முற்றாக விலக்கிவைத்தன. 1864இல் இறந்துபோன ஸ்டீபன் ஃபாஸ்டரின், உரிமைக்காலம் முடிந்த பாடல்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. பிரதிநிதித்துவம் பற்றிய எந்தக் கோட்பாட்டின்படியும், கட்டணம் செலுத்துபவரின் கையில் உள்ள சங்கம் படைப்பாளர் பெயரால் பேசத் தகுதியற்றது. ஆனால் நிகழ்ந்தது வேறு. அஸ்காப்பின் கதவு பிராட்வே மேடைக்கும் திரைப்படத்துக்கும் எழுதியவர்களுக்கே அகலத் திறந்திருந்த காலத்தில், கறுப்பின மக்களின் புளூஸ் பாடல்களையும் தேவாலய கோஸ்பல் பாடல்களையும் தென்மாநில நாட்டுப்புறப் பாடல்களையும் படைத்தவர்கள் பலர் முதன்முதலாகப் பணம் பெற்றது பிஎம்ஐ வழியாகவே. உறுப்பினர்களே ஆளும் சங்கம் அவர்களைக் காணவில்லை. வாங்குபவர்கள் ஆளும் சங்கம் கண்டது. அதன் நோக்கம் தூயதாக இருக்கவில்லை, அதற்குப் புதிய பாடல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன, அவ்வளவே. ஆட்சியமைப்பு நேர்மையாக இருந்தால் அளவை நேர்மையாக இருக்கும் என்று எளிதாக முடிவுகட்ட விரும்பும் எவரும் இந்த வரலாற்றுக்கு விடைசொல்லியாக வேண்டும். தன்னாட்சி என்பது உள்ளே இருப்பவர்களின் தன்னாட்சி; வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பல சங்கங்கள் இருப்பதை நியாயப்படுத்தும் வலுவான வாதம் போட்டியால் கட்டணம் குறையும் என்பதன்று. ஒரு சங்கத்தின் கண்ணுக்குத் தப்பியவர் இன்னொன்றின் கண்ணுக்குப் படலாம் என்பதே.

2024இல் பிஎம்ஐ, நியூ மவுண்டன் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அதுவரை ஒலிபரப்பாளர்களுக்குக் கட்டுப்பட்டிருந்த அமைப்பு இப்போது முதலீட்டாளர்களுக்குக் கட்டுப்பட்டது. முதலீட்டாளருக்கும் படைப்பாளருக்கும் வசூல் பெருக வேண்டும் என்பதில் ஒரே விருப்பம்தான். வசூலானதில் யாருக்கு எவ்வளவு என்பதில்தான் இருவர் வழிகளும் பிரிகின்றன.

பெயரால் பேசும் அதிகாரம் என்ற கருத்தை இன்னும் இறுக்கிப் பார்க்கவைக்கும் சிக்கல், இருவர் சேர்ந்து எழுதிய பாடலில் எழுகிறது. ஒருவர் அஸ்காப்பிலும் மற்றவர் பிஎம்ஐயிலும் இருந்தால், பாடலின் ஒரு பாதி ஒரு வாயாலும் மறு பாதி இன்னொரு வாயாலும் பேசுமா? நடைமுறை அப்படித்தான் இருந்தது. வானொலி நிலையம் இரு சங்கங்களிடமும் உரிமம் பெறவேண்டும். ஆனால் 2016இல் அமெரிக்க நீதித்துறை அமைச்சகம், ஒரு சங்கத்தின் உரிமம் முழுப் பாடலுக்கும் செல்லவேண்டும் என்று நிலையெடுத்தது. இவ்விரு சங்கங்களும் 1941 முதல், தனியுரிமை ஆதிக்கத்தைத் தடுக்கும் பொருட்டு, நீதிமன்ற மேற்பார்வையில் போட்ட இசைவு ஆணைகளுக்குக் கட்டுப்பட்டவை என்பதால் அரசு இவ்வாறு சொல்ல இடமிருந்தது. அந்நிலை நின்றிருந்தால், தாம் தேர்ந்தெடுக்காத சங்கம், தம் கூட்டாளி தேர்ந்தெடுத்த ஒரே காரணத்தால், ஒருவரின் பெயராலும் பேசியிருக்கும். நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி அதே ஆண்டில் அரசின் விளக்கத்தை ஏற்க மறுத்தார். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் முடிவை உறுதிசெய்தது. மெட்டையும் சொல்லையும் கேட்பவர் பிரித்துக் கேட்பதில்லை. ஆனாலும் அவற்றைத் தந்தவர்களின் ஒப்புதல்களை ஒன்றாக உருக்கிவிட முடியாது என்பது இத்தீர்ப்புகளுக்கு அடியில் உள்ள கருத்து.

சமயப் பாடல்களைப் படைப்பவரிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அமெரிக்காவில், குறிப்பாக நாஷ்வில்லில், தேவாலய வழிபாட்டுக்கென்றே பாடல் எழுதுவோர் ஏராளமாக உள்ளனர்; அவர்களும் இதே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வழிபாட்டிடத்தில் வழிபாட்டின் பகுதியாகப் பாடப்படும் பாடலுக்கு நிகழ்த்துரிமைக் கட்டணத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. இவ்விலக்கு பாடலின் புனிதத்தைப் பொறுத்தது அன்று. காதல் பாட்டு ஒன்று ஞாயிறு வழிபாட்டில் பாடப்பட்டாலும் கட்டணமில்லை. தோத்திரப் பாடல் ஒன்று அதே கட்டடத்தில் அன்று மாலை நுழைவுச்சீட்டு விற்று நடக்கும் கச்சேரியில் பாடப்பட்டால் கட்டணம் உண்டு. அவ்வழிபாட்டை வானொலியில் ஒலிபரப்பினால், சுவருக்குள் இலவசமாக இருந்தது சுவருக்கு வெளியே கட்டணத்துக்கு உரியதாகிவிடும். பாடல் வரிகளைத் திரையில் காட்டுவதும் தாளில் படியெடுப்பதும் நிகழ்த்துரிமைக்குள் அடங்காதவை என்பதால், அவற்றுக்கு 1988இல் சிசிஎல்ஐ என்ற தனி உரிம அமைப்பு தோன்றியது. பாட்டை இறைவனுடையது, மனிதருடையது என்று சட்டம் பிரிக்கவில்லை. கூடியிருப்பவர்களை வழிபடுவோர் என்றும் நுகர்வோர் என்றும் பிரிக்கிறது. இப்பிரிவினை இறையியலாளர்கள் செய்த பல பிரிவினைகளைவிட நுட்பமானது என்றே சொல்லவேண்டும்.

இறைவனிடமிருந்து இலவசமாகப் பெற்றதற்குக் கூலி கேட்கலாமா என்பது கிறிஸ்தவத்தின் தொடக்கக் கேள்விகளுள் ஒன்று. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்தில், நற்செய்தியை அறிவிப்பவருக்கு அதனால் பிழைக்கும் உரிமை உண்டு என்பதை விரிவாக நிறுவுகிறார். நிறுவி முடித்தபின், தாம் அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரம் செய்யும் தொழில் அவருக்குச் சோறு போட்டது. உரிமை இல்லை என்பவரின் துறவுக்கும், உரிமை உண்டு என்று நிறுவியபின் விடுபவரின் துறவுக்கும் உள்ள தொலைவை இந்த அதிகாரம் காட்டுகிறது. தொடக்கத் திருச்சபையின் ஒழுங்குநூலான திதாக்கே இன்னும் கடுமையானது. ஆவியின் பெயரால் பேசிப் பணம் கேட்பவன் பொய்த் தீர்க்கதரிசி என்று ஓரிடத்தில் சொல்லி, சற்றுத் தள்ளி, மெய்யான தீர்க்கதரிசி தன் உணவுக்கு உரியவன் என்றும் சொல்கிறது. ஜான் வெஸ்லி 1780இல் வெளியிட்ட மெதடிஸ்ட் பாடற்தொகுப்பின் முன்னுரை வேறொரு கோட்டைக் கிழிக்கிறது. தம்முடைய பாடல்களையும் தம் சகோதரர் சார்லசின் பாடல்களையும் பிறர் மறுபதிப்புச் செய்வதில் அவருக்குத் தடையில்லை, திருத்துவதில்தான் தடை. பொருளை விட்டுக்கொடுத்தவர் சொல்லை விட்டுக்கொடுக்கவில்லை.

பவுலின் வழியில் நடக்க விரும்பும் இன்றைய பாடல் படைப்பாளர், எந்தச் சங்கத்திலும் சேராமல் இருந்துவிடுவதே முறை என்று கருதக்கூடும். இங்கேதான் மொத்த உரிமம் துறவையே குழப்பிவிடுகிறது. பவுல் கூலியை விட்டபோது, கொரிந்து சபைக்கு ஒரு சுமை குறைந்தது. விட்டதன் பயன் யாரை எண்ணி விட்டாரோ அவரைச் சென்றடைந்தது. சங்கத்தில் சேராத படைப்பாளர் விட்டுக்கொடுப்பதோ யாரையும் சென்றடைவதில்லை. அவர் பாடலை ஒலிக்கும் மதுக்கூடக்காரர் அதே ஆண்டுக் கட்டணத்தைத்தான் செலுத்துகிறார், ஒரு காசும் குறைவதில்லை; கேட்பவருக்கும் எதுவும் மலிவாவதில்லை; அவர் வாங்கியிருக்கக்கூடிய சிறு பங்கு, ஏற்கெனவே பெரும்பங்கு வாங்கும் பிறர் கணக்கில் கலந்துவிடுகிறது. ஜெர்மனியின் கேமா சங்கம் விஷயத்தில் நிலைமை இன்னும் ஒரு படி மேலே. ஒலிக்கும் இசை அச்சங்கத்துக்கு உட்பட்டதே என்ற ஊகத்தை அந்நாட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளதால், அப்படி இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு நிகழ்ச்சி நடத்துபவர் தலையில் விழுகிறது. கொடுப்பவர் இன்னார் என்று இல்லாத இடத்தில் வாங்க மறுப்பது யாருக்கும் ஈகையாவதில்லை. பெருஞ்சித்திரனார் மறுத்தபோது அதை உணர ஓர் அதியமான் இருந்தான். பொதுப் பணத்துக்கு முகம் இல்லை. ஆகையால், பற்றற்றிருக்க விரும்புபவருக்கும் சங்கத்தில் சேர்ந்து, வந்த பங்கை வாங்கி, தாம் கருதும் இடத்துக்குக் கொடுப்பதே பொருளுடைய செயலாகிறது. முரணாகத் தோன்றினாலும் இந்த அமைப்பில் துறவுக்கு உறுப்பினர் எண் தேவைப்படுகிறது.

இதிலிருந்து, தேர்வு செய்பவர் கேட்கவேண்டியவை எவை என்பது ஓரளவு புலப்படும். வெளியேறும் வழி அவற்றுள் முதன்மையானது. பிஎம்ஐயின் எழுத்தாளர் ஒப்பந்தம் ஈராண்டுக்குக் கட்டுவது. அளப்பவர் பிழையாக அளக்கிறார் என்று தெரிந்தபின்னும் எவ்வளவு காலம் அவருக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது நுழைவுக் கட்டணத்தைவிடப் பெரிய விஷயம். சிறிய கூடங்களில் பாடப்படுபவரின் பாடல்களை, அவரே தரும் நிகழ்ச்சிப் பட்டியலின் அடிப்படையில் சங்கம் கணக்கில் எடுக்குமா, அல்லது வானொலிப் பதிலியோடு நின்றுவிடுமா என்பது அடுத்தது. அஸ்காப்பும் பிஎம்ஐயும் உறுப்பினரின் உரிமையைத் தனியுடைமையாகப் பெறுவதில்லை. படைப்பாளர் விரும்பினால் ஒரு கூடத்துக்குத் தாமே நேராக உரிமம் வழங்கலாம். மொத்த உரிமம் வாங்கிவிட்ட கூடக்காரர் இரண்டாவது முறை ஏன் கேட்கப்போகிறார் என்பதால் இவ்வழி அரிதாகவே பயன்படுகிறது. ஆனால் அப்படி ஒரு வழி இருப்பதே அதிகாரம் முழுதும் கைமாறிவிடவில்லை என்பதற்கு அடையாளம்.

இந்தியாவில் இத்தேர்வே பெரும்பாலும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, ஒரு வகைப் படைப்புக்குச் சாதாரணமாக ஒரு சங்கத்துக்கு மேல் பதிவு செய்யலாகாது என்கிறது. பாடல்வரிக்கும் இசையமைப்புக்கும் 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் உள்ளது. அதன் பணம் எழுதியவர்களையும் இசையமைத்தவர்களையும் சேராமல் தயாரிப்பாளர், இசை நிறுவனங்கள் பக்கம் போய்க்கொண்டிருந்த நெடுங்கால நிலைமைக்கு எதிராக, கவிஞர் ஜாவேத் அக்தர் உள்ளிட்டோர் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் வாதாடியதன் விளைவாக 2012இல் சட்டம் திருத்தப்பட்டது. அத்திருத்தத்தின்படி, திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது நீங்கலான பயன்பாடுகளுக்கு வரும் ராயல்டியில் தமக்குரிய சமபங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. அமெரிக்கச் சட்டம் யாரை முகவராகக் கொள்வது என்பதில் படைப்பாளரின் விருப்பத்தை நம்புகிறது; இந்தியச் சட்டம் அவ்விருப்பத்தையே ஐயுறுகிறது, ஏனெனில் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் கவிஞரின் ‘விருப்பம்’ தயாரிப்பாளர் அலுவலகத்தில் எவ்வாறு பெறப்படுகிறது என்பதை அது அறிந்திருக்கிறது.

அப்படியானால் கோயிலுக்கென்று பாட்டெழுதும் பக்தர் ஒருவர் இந்தியாவில் தம் பாட்டைக் கொடையாக்க முடியாதா என்றால், முடியும். மெய்யான சமயச் சடங்கின்போது பாடுவதை 52ஆம் பிரிவு ஏற்கெனவே மீறல் அன்று என்று விலக்கிவைத்துள்ளது. திருமண ஊர்வலத்தையும் அதனோடு சேர்ந்த கொண்டாட்டங்களையும்கூட அது சமயச் சடங்கில் அடக்குகிறது. அதற்கு அப்பாலும் கொடுக்க விரும்புபவருக்கு 21ஆம் பிரிவு உள்ளது. பதிப்புரிமையில் அடங்கிய உரிமைகள் அனைத்தையுமோ அவற்றுள் சிலவற்றையோ துறப்பதாகப் பதிப்புரிமைப் பதிவாளருக்கோ பொது அறிவிப்பாகவோ தெரிவித்துவிட்டால் அவை அன்றோடு அவரை நீங்கும். திரைப்பாடலின் ராயல்டியை ஒரு தயாரிப்பாளருக்காக விட்டுக்கொடுப்பதைத் தடுக்கும் அதே சட்டம், ஊர் முழுவதற்கும் உலகம் முழுவதற்கும் என்று அறிவித்துக் கொடுப்பதைத் தடுப்பதில்லை.